பத்திரம் இல்லாத பொட்டல்

ஊவாத் தோட்டங்களின் கோவில் கமிட்டியாருக்கும், காமன், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆடும் குழுக்களுக்கும், லயத்தில் பிறந்து இன்று ஆசிரியராகவும் உத்தியோகத்தராகவும் இருப்போருக்கும் ஒரு திறந்த மடல்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் பாட்டுக்கும் கூத்துக்கும் என்று கட்டிய மண்டபம் கிடையாது. லயத்துக்கும் கோவிலுக்கும் நடுவே கிடக்கும் பொட்டலே அரங்கு. பிள்ளைகள் பந்தடிக்கும் அந்த இடத்தில் மாசி மாதம் காமன் கம்பம் நிற்கும். கூத்து நாட்களில் தப்பு விடிய விடிய முழங்கும். மற்ற நாட்களில் அங்கே துணி காயும். பதுளை, பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஹாலி எல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை எனத் தோட்டங்கள் பரந்திருக்கும் இடமெல்லாம் இதுவே வழக்கம்.

அந்தப் பொட்டலுக்குப் பத்திரம் இல்லை. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், லயக் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். வெள்ளைக்காரக் கம்பனிகளிடமும் தனியாரிடமும் இருந்த தோட்டங்களை 1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. துரைமார் மாறினார்கள், பெயர்ப்பலகை மாறியது. பொட்டலை நடத்தியவர் மட்டும் இந்தக் கணக்கு எதிலும் வரவில்லை. அவர் கூத்து வாத்தியார். கொழுந்து மலையிலோ கவ்வாத்து மலையிலோ பேர் போட்டு வேலை செய்த தொழிலாளிதான் அவரும். ஆனால் ஓர் அரங்கின் உரிமையாளர் செய்யும் வேலை அத்தனையும் அவர் தலையில் இருந்தது. ஆட்களைச் சேர்ப்பது, பழக்குவது, காசு பிரிப்பது, கருவியைப் பாதுகாப்பது, சண்டையைத் தீர்ப்பது, அனுமதி வாங்குவது, அடுத்த ஆண்டுக்கு ஆள் தயார் செய்வது என்று எல்லாமே அவர் பொறுப்பு.

யுத்த காலத்தில் அழிந்த அரங்குகளையும் அவற்றை நடத்தியவர்களையும் பற்றி எழுதும்போது கட்டடமும் பத்திரமும் உள்ளவர்களே முதலில் நினைவுக்கு வருகிறார்கள். இலங்கைத் திரையுலகில் பெரும் பெயர் பெற்றவர் சினிமாஸ் நிறுவனத்தை நடத்திய கே. குணரத்தினம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கி 1960இல் வெளிவந்த ‘சந்தேசய’ அவர் தயாரித்த சிங்களப் படம். அவருடைய ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலைக் கலவரத்தில் எரிக்கப்பட்டது. 1989 ஆகஸ்டில் அவர் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு நிறுவனமும் கட்டடமும் படங்களும் இருந்ததால் அந்த இழப்பு பத்திரிகையிலும் திரை வரலாற்று நூல்களிலும் ஏறியது. ஊவாத் தோட்டத்துக் கூத்து வாத்தியார்களின் இழப்பு அதே ஆண்டுகளில் நடந்தது. அதைப் பதிய ஏடு இருக்கவில்லை. பெரும்பாலும் அது துப்பாக்கியால் நடந்ததும் அல்ல. கப்பல் ஏறியவர்கள் ஒரு பகுதி, கூத்து இரவு நின்றதால் வேலையிழந்தவர்கள் ஒரு பகுதி, அச்சத்தால் இடம் பெயர்ந்தவர்கள் இன்னொரு பகுதி. எப்படிப் போனாலும் விளைவு ஒன்றுதான்: ஆள் போனதும் அரங்கும் போயிற்று.

இது ஏன் என்பது காமன் கூத்தின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையை ஒட்டிக் கம்பம் ஊன்றப்படுகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் நாள் கணக்கில் சிறு மாற்றம் உண்டு. வேடம் கட்டுவோர் காப்புக் கட்டி விரதம் இருக்கிறார்கள். ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். குறவன் குறத்தி, கோமாளி, தூதன், வீரபத்திரன், யமன் என்று பாத்திரங்கள் பெருகும். பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய இரவில் சிவனின் தவம் கலைந்து, நெற்றிக்கண் திறந்து, காமன் எரிவான். ரதியின் புலம்பல் அதன் பிறகு வரும். அந்தப் புலம்பலுக்குத் தோட்டம் முழுக்க விழித்திருக்கும். காமன் உயிர்பெற்று ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவதோடு கதை முடியும். மேடை, திரை, நுழைவுச்சீட்டு எதுவும் இதற்கு இல்லை. லய வரிசையும் ஒற்றையடிப் பாதையும் கோவில் முற்றமும் பொட்டலும் சேர்ந்ததே களம். எந்த இரவில் எந்த லயத்துக்குப் போவது, எந்த இடத்தில் யமன் இறங்குவது, எந்தப் பாட்டுக்கு எந்த அடி என்பதெல்லாம் வாத்தியாரின் தலையிலும் அவருடைய கையெழுத்துக் கொப்பியிலும் இருந்தன.

மற்ற இரண்டு கூத்துகளும் ஆளை நம்பியவையே. பொன்னர் சங்கர் கொங்குநாட்டு அண்ணன்மார் கதை. உடுக்கடித்துப் பல இரவு பாடக்கூடிய நீளம் அதற்கு உண்டு. அருச்சுனன் தபசில் பாசுபதம் வேண்டி அருச்சுனன் தவம் இருக்க உயர்ந்த தபசு மரம் நடுவார்கள். ஏறுபவர் ஒவ்வொரு படியிலும் பாட்டுப் பாடி ஏற வேண்டும். வரிசை தவறாமல் பின்பாட்டுக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் மரம் நடுவதில் பொருள் இல்லை.

தப்பின் நிலையும் அதுவே. மரச்சட்டத்தில் தோல் இழுத்து ஒட்டி, கூத்துக்கு முன் நெருப்பில் காட்டிச் சூடேற்றி, ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் உள்ள இரு குச்சிகளால் அடிக்கும் கருவி இது. தமிழகத்தில் பறை என்று வழங்குவதும் இதன் இனமே. தோட்டத்தில் இது கூத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. விடியுமுன் ஆட்களைப் பிரட்டுக்கு எழுப்பியது தப்பு, சாமி புறப்படும்போது முன்னே போனது தப்பு, சாவு வீட்டில் முழங்கியது தப்பு. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. கேட்டவுடன் என்ன சேதி என்று லயத்துக்குத் தெரியும். அந்த அடிகள் எழுத்தில் இல்லை, கையில் இருந்தன.

முதல் பெரிய இழப்பு யுத்தம் தொடங்குவதற்கு முன்பே தொடங்கியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கைச்சாத்தான ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பேசித் தீர்ப்பதற்கு. அந்த எஞ்சிய தொகையை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று ஏற்றன. பதுளைக்குக் கோச்சி வந்தது 1924இல். ஐம்பது ஆண்டு கழிந்து அதே பாதையால் குடும்பங்கள் இறங்கின. பதுளை, ஹாலி எல, பண்டாரவளை, ஹப்புத்தளை நிலையங்களில் ஏறியவர்கள் தலைமன்னார் போய், ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். ஏறுபவரும் வழியனுப்புபவரும் அழுத அழுகையால் மலையகத்தார் அந்தக் கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள்.

தனிநபரின் கணக்காகப் பார்த்தால் இது குடியுரிமைப் பிரச்சினை. கூத்துக் களத்தின் கணக்காகப் பார்த்தால் குழு உடைந்த கதை. பல தோட்டங்களில் வேடங்கள் குடும்ப வழியில் வந்தன. ரதி கட்டுவது ஒரு வீடு, யமன் கட்டுவது ஒரு வீடு, தப்பு இன்னொரு வீடு. விண்ணப்பம் குடும்பத்துக்குக் குடும்பம் வேறாகத் தீர்ந்ததால், வாத்தியாருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் பின்பாட்டுக்காரருக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் என்று ஒரே குழு இரண்டாகப் பிரியும் நிலை வந்தது. போனவர்களில் ஒரு பகுதியினர் தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் மீண்டும் கொழுந்தெடுத்தார்கள். மற்றவர்கள் தமிழகத்தின் பல மாவட்டங்களில் சிதறினார்கள். கொப்பியைக் கொண்டுபோனவருக்கு அங்கே குழு இல்லை. இங்கே எஞ்சிய குழுவுக்குக் கொப்பி இல்லை.

1984இல் யுத்தச் சூழலால் கப்பல் நின்றது. அதற்குள் பிள்ளைகளோடு சேர்த்து நான்கரை இலட்சம் பேர் அளவில் போயிருந்தார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வாங்கியும் போக முடியாமல் லயத்திலேயே தங்கியவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். போகும் நாள் தெரியாமல் பெட்டியைக் கட்டி வைத்திருக்கும் வாத்தியார் அடுத்த மாசிக்குச் சீடனைச் சேர்ப்பதில்லை. நாடற்றவர் நிலையை முழுமையாகத் தீர்க்க முனைந்த 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல்தான் வந்தது. இடையில் கழிந்தது ஏறத்தாழ இருபது மாசி.

இரண்டாவது இழப்பு 1983 ஜூலை 27 அன்று பதுளை நகரத்துக்கு வந்தது. கொழும்பு எரியத் தொடங்கி இரண்டு நாள் கழிந்தும் பதுளை அமைதியாக இருந்தது. அன்று காலை பத்தரை மணி அளவில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு தமிழரின் மோட்டார் சைக்கிள் கொளுத்தப்பட்டது. நண்பகலில் கும்பல் கடைவீதிக்குள் புகுந்து கடைகளை எரித்தது. பிறகு குடியிருப்புகள் எரிந்தன. கும்பல் வாகனங்களில் ஏறி ஹாலி எல, பண்டாரவளை, வெலிமடைக்குப் போயிற்று. இருட்டும் வேளையில் லுணுகலையிலும் தீ.

கடைவீதி எரிந்ததற்கும் தோட்டத்துப் பொட்டலுக்கும் தொடர்பு உண்டு. தோட்டத் திருவிழாவும் கூத்தும் நகரத்தைப் பார்த்தே நின்றன. சலங்கை, சரிகை, அரிதாரம், கற்பூரம் ஆகியவை நகரத்தில் வாங்குபவை. பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஒலிபெருக்கிச் செட்டும் நகரத்தில் வாடகைக்கு எடுப்பவை. உபயத்துக்குக் கையெழுத்துப் போடும் முதலாளிமாரும் நகரத்தவரே. கடை எரிந்து முதலாளி ஊரை விட்டுப் போனால், உபயக் கொப்பியில் மேல் பக்கம் காலியாகிவிடும். 1983இன் பின் தோட்டத் திருவிழாக்களின் செலவு முழுக்கத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கும் கோவில் சந்தாவின் மேல் இறங்கியதற்கு இதுவும் காரணம்.

எரிந்த கடைக்கும் வீட்டுக்கும் பின்னர் அரசாங்கத்தில் ஒரு வாசல் திறந்தது. 1983இலேயே புனர்வாழ்வு அதிகார சபை ஒன்று அமைக்கப்பட்டு, 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் ஆட்கள், ஆதனங்கள், கைத்தொழில்கள் புனர்வாழ்வு அதிகார சபையாக விரிந்தது. நட்டஈட்டுக்கு ஆதனம் வேண்டும், ஆதனத்துக்கு உறுதி வேண்டும். பொட்டலுக்கு உறுதி இல்லை. கூத்துக் கொப்பியை ஆதனம் என்று எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

மூன்றாவது இழப்பு சத்தமில்லாமல் நடந்தது: இரவு பறிபோயிற்று. காமன் கூத்துக்கு முதல் தேவை பயமில்லாத இரவு. 1983 முதல் 2009 மே மாதம் வரை நீண்ட யுத்தத்தில் அவசரகாலச் சட்டம் சில இடைவெளிகள் தவிரப் பெரும்பாலான காலம் நடைமுறையில் இருந்தது. 2011 ஆகஸ்டில்தான் அது விலக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் சந்தேகத்தின் பேரில் பிடிக்கலாம், நீண்ட காலம் தடுத்து வைக்கலாம். தோட்டத்து இளைஞர் பலரிடம் அடையாள அட்டை இருக்கவில்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாதவருக்கும் பிரஜாவுரிமை தீராதவருக்கும் அட்டை கிடைப்பது கடினம். தீப்பந்தத்தோடும் வேடத்தோடும் நடு இரவில் லயம் லயமாகப் போகும் கூட்டத்தில் நிற்பது, சுற்றிவளைப்புக் காலத்தில் ஆபத்தை வலியப் போய் அழைப்பது போன்றது. கமிட்டிகள் பல இடங்களில் விடியவிடிய ஆடியதை முன்னிரவோடு முடித்தன. நாட்களைச் சுருக்கின, சில ஆண்டுகளில் விட்டே விட்டன.

1987 முதல் 1989 வரை ஜே.வி.பி.யின் இரண்டாம் கிளர்ச்சியும் அதை ஒடுக்கிய அரச வன்முறையும் ஊவாவைக் கடுமையாகத் தாக்கின. ஒரு பக்கம் அரசாங்கத்தின் ஊரடங்கு, மறுபக்கம் கிளர்ச்சிக்காரர் விதித்த ஊரடங்கு. விளக்கை அணை என்ற உத்தரவு சுவரொட்டியில் வந்த காலம் அது. விளக்கே ஏற்ற முடியாத இரவில் கூத்து நடப்பது எப்படி? பின்னர் 2000 அக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலையக நகரங்களில் பதற்றமும் ஊரடங்கும் வந்தன. யுத்தம் வடக்கில் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஊவாவின் இரவுகள் இப்படிக் கழிந்தன.

பயத்தால் இடம் பெயர்ந்தவர்களின் வழியும் நல்ல வழியாக அமையவில்லை. 1977 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் தோட்டக் குடும்பங்கள் பெருந்தொகையாக வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. அங்கே காட்டை வெட்டிக் குடிசை போட்டவர்கள் 2009 வரை யுத்தத்தின் நடுவிலேயே வாழ்ந்தார்கள். தோட்டத்தில் இருந்த லய வரிசை அங்கே இல்லை. லயத்துக்கு லயம் நடந்து ஆடும் கூத்துக்கு வேண்டிய நெருக்கமும் இல்லை.

எல்லாவற்றையும் யுத்தத்தின் மேல் போடுவது நியாயம் ஆகாது. தப்பு அடிப்பதைச் சாதியோடு கட்டி வைத்த இழிவு, அதை அடித்தவர்களின் பிள்ளைகளைக் கருவியிலிருந்து விரட்டியது. சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டு, சாப்பாட்டுக்குத் தள்ளி உட்கார வைத்த தோட்டங்களில், பிள்ளை குச்சியைத் தொட மறுத்தது பிழையல்ல. பள்ளிக்கூடம் தந்த வழியால் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். தொலைக்காட்சி வந்தது, பெரிய ஒலிபெருக்கிச் செட் வந்தது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடியது. ஆனாலும் இந்தக் காரணங்களுக்கும் யுத்தத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தொலைக்காட்சி வந்த ஊரில் வாத்தியார் இருந்தால் கூத்து தேய்ந்தாவது நிற்கும். வாத்தியார் இல்லாத ஊரில் மீண்டும் தொடங்க ஆசை இருந்தாலும் கேட்க ஆள் இல்லை.

இதே போன்ற பிரிவினை வேறு மண்ணிலும் நடந்திருக்கிறது. 1922இல் ஸ்மிர்னா நகரம் எரிந்தது. 1923 ஜனவரியில் கிரேக்கமும் துருக்கியும் லோசானில் செய்த உடன்படிக்கைப்படி, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும் முஸ்லிம்கள் துருக்கிக்கும் மாற்றப்பட்டார்கள். ஸ்மிர்னாவின் பாட்டுக் கடைகளை நடத்தியவர்களும் பாடியவர்களும் ஏதென்சுக்கும் பிரேயசுத் துறைமுகத்துக்கும் அகதிகளாகப் போய், அங்கே மீண்டும் கடை திறந்தார்கள். அவர்கள் கொண்டுபோன பாணி ரெம்பேத்திகோ என்ற இசையில் கலந்தது. அந்த இசை 2017இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. அது பிழைத்ததற்கு ஒரு பெரிய காரணம், இருபதுகளிலும் முப்பதுகளிலும் இசைத்தட்டுக் கம்பனிகள் அந்தப் பாடகர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்தன. ஆள் போனாலும் குரல் நின்றது. ஒப்பாரிக் கோச்சியில் போன வாத்தியார்களைத் தேடி இசைத்தட்டுக் கம்பனி எதுவும் ஹப்புத்தளை நிலையத்துக்கு வரவில்லை.

ஆயினும் வேலை வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கினார். சாரல் நாடனின் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’, மாத்தளை வடிவேலனின் ‘மலையகப் பாரம்பரியக் கலைகள்’ ஆகிய நூல்கள் பாட்டையும் கூத்தையும் விவரித்தன. இந்த நூல்களில் மலையகம் முழுவதற்கும் பொதுவான வடிவம் கிடைக்கிறது. இன்ன தோட்டத்தில், இன்ன டிவிஷனில், இன்ன ஆண்டு வரை யார் நடத்தினார் என்ற கணக்கு நூலாசிரியருக்கு எட்டாது. அது கமிட்டியின் கைக்கு எட்டும் கணக்கு.

இலங்கை 2008இல் ஏற்ற யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை, கட்டடத்தை விடக் கலையைச் சுமக்கும் ஆட்களை முன்வைக்கிறது. இலங்கையின் கயிற்றுப் பொம்மலாட்டம் 2018இல் அதன் பட்டியலில் இடம் பெற்றது. பட்டியலில் ஏறுவதற்கு முதல் படி ஊர் மட்டத்து ஆவணம். ஊவாத் தோட்டங்களுக்கு அந்த ஆவணம் நான்கு பகுதிகளாக அமையலாம்.

முதலாவது பெயர்ப் பதிவு. ஒவ்வொரு டிவிஷனிலும் நினைவுக்கு எட்டிய வரை வாத்தியார், தப்புக்காரர், ரதி, மன்மதன், யமன் கட்டியவர்களின் பெயர், அவர்கள் போன ஆண்டு, போன விதம். தப்புக்காரரின் பெயர் வாத்தியாரின் பெயருக்குக் கீழே போகாமல் ஒரே வரிசையில் வர வேண்டும். இரண்டாவது கொப்பி. பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கும் கையெழுத்துப் பிரதிகளைக் கைத்தொலைபேசியால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தால் போதும். மூலம் வீட்டாரிடமே இருக்கலாம். மூன்றாவது தப்பு அடி. பிரட்டு அடி, சாமி அடி, சாவு அடி, காமன் அடி என்று தனித்தனியாக, அடிப்பவரின் கை தெரியும்படி ஒளிப்பதிவு. நான்காவது கடல் கடந்த தேடல். நீலகிரியிலும் பிற இடங்களிலும் இருக்கும் ஊவாக் குடும்பங்களோடு இன்று உறவினர் தொலைபேசியில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் கொப்பியைப் பற்றி ஒரு கேள்வி சேர்ந்தால் போதும்.

இவற்றை வைக்கும் இடம் தோட்டப் பாடசாலை நூலகமாக இருக்கலாம், கோவில் அலுவலகமாகவும் இருக்கலாம். ஒரு பிரதி பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் போன்ற நிறுவனம் ஒன்றின் நூலகத்திலும் இருந்தால் தீக்கும் மண்சரிவுக்கும் தப்பும்.

மலையகத் தமிழரின் 200 ஆண்டு 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூரப்பட்டது. அந்த நடை வந்தவர்களின் பாதையைக் காட்டியது. போனவர்களின் பதிவு தோட்டம் தோட்டமாக எழுதப்பட வேண்டியது. அதற்கு அவகாசம் அதிகம் இல்லை. பதுளைக் கடைவீதி எரிந்த ஆண்டில் இருபத்தைந்து வயதில் ரதி வேடம் கட்டியவருக்கு 2023இல் வயது அறுபத்தைந்து.